கைக்கெட்டும் இன்பங்கள் – 14: விளக்கு வைக்கிற நேரம்

சென்ற வாரம் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் விட்டோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் ஃபில்டர் காபி என்று சொல்லியிருந்தேன். டிகாக்‌ஷன் இறங்குவது பற்றிய குறிப்புகளும் மேசைமேல் தயாராக இருக்கின்றன. ஆனால் வாரம் பிறந்ததுமே ஒரு கிண்ணம் மல்லிகை மொட்டு குறுக்கே வந்துவிட்டது. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது. வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அங்கேதான் போகிறது. காபி ஒரு வாரம் பொறுக்கட்டும்.

பொதுவாகவே நல்ல வாரம். மதுரையில் பங்குனி வெயில் ஏறிவிட்டது என்றாலும் வெயிலோடு வருகிற நல்லவைகளும் வந்துவிட்டன. மாவடு வந்தது. தயிர்சாதத்துக்கு ஒன்றைக் கடித்தால் காம்போரத்துப் பால் காரம் நாக்கின் நுனியில் சுருக்கென்று ஏறும். ஒரு சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுக்கிற அந்தப் பாலுக்கு ஈடாக இந்த ஊரில் இன்னொரு பானம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். மின்சாரம் போன ஓர் இரவு, தெருவே மொட்டை மாடிக்கு ஏறியது. எதிர் வீட்டுக்காரரோடு கைப்பிடிச் சுவர் இடைவெளியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஒதுக்கலாம், ஒதுக்கவும் செய்வேன். இப்போது மொட்டு.

எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்காவிடம், மதியம் மூன்று மணிவாக்கில் கட்டாத உதிரிப்பூ கொஞ்சம் கேட்டேன். தொடுத்துக்கொண்டிருந்த சரத்திலிருந்து நிமிராமலே, “இப்ப மணக்காது தம்பி. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாருங்க, ஆளையே தூக்கும்” என்றார். காலமெல்லாம் கேட்ட பேச்சுதான். இந்த வாரம்தான் அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது.

எவர்சில்வர் கிண்ணத்தில் ஈரத்துணி விரித்து, மொட்டுகளை அதில் பரப்பி, எழுதுகிற மேசையிலேயே வைத்துக்கொண்டேன். குண்டுமல்லி மொட்டைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? இதழெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சுற்றிக்கொண்டு, உருண்டு, நுனியில் இறுகி முடிந்திருக்கும். அடியில் வெளிர்பச்சைக் குழல். அதைச் சுற்றி நூல் நூலாகப் பச்சைப் புல்லிவட்டம். முகர்ந்தால் பச்சிலை வாடை மட்டுமே. நான்கு மணிக்கும் அப்படித்தான். ஐந்தரைக்குமேல் சில மொட்டுகளின் நுனி இளகியது. இறுக்கி முடிந்த இடத்தில் ஒரு சின்னத் துளை விழுந்தது. பிறகு வெளி இதழ் ஒன்று மெல்லப் பின்வாங்கியது. எதிர் வீட்டில் விளக்கேற்றும்போது என் அறையில் மேசை, புத்தகம், திரைச்சீலை எல்லாம் மணத்தன. பறித்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலான பூ அது. வேரோ கொடியோ இல்லாமல், தன் வேளை வந்ததும் தானாக மலர்ந்தது.

ஏன் மொட்டில் மணமில்லை? என்னை இந்த வாரம் தூங்கவிடாத கேள்வி இது. விடை வேதியியலில் இருக்கிறது. மல்லிகை வாசத்தில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. பென்சைல் ஆல்கஹால், லினலூல் போன்றவை அவற்றில் சில. மொட்டுக்குள் இவை சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்து கிடக்கின்றன. அப்படிப் பிணைந்திருக்கும்வரை ஆவியாக முடியாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. மலரும் வேளையில் பூவிலுள்ள நொதிகள் சர்க்கரையை வெட்டிவிட, வாசம் விடுபட்டுக் காற்றில் ஏறுகிறது. ஜப்பானிய வேதியியலாளர்கள் 1990களில் இதே மல்லிகையின் மொட்டுகளை ஆராய்ந்து இதைக் கண்டார்கள். மேசைமேல் இருந்த கிண்ணத்தில் சாயங்காலம் முழுக்க நடந்துகொண்டிருந்தது இந்த வேலைதான். பூக்கார அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

தொல்காப்பியர் முல்லைத்திணைக்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும் மாலையைச் சிறுபொழுதாகவும் வகுத்தார். முல்லையும் மல்லிகைக் குடும்பம்தான். அதுவும் பொழுது சாயத்தான் விரியும். ஒரு நிலத்துக்கு உரிய வேளை எது என்று கேட்டபோது, அந்த நிலத்தின் பூ எப்போது மலர்கிறது என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெண்மை, நீண்ட குழல், இரவில் வீசும் மணம் மூன்றும் சேர்ந்தால் அது அந்துப்பூச்சியை அழைக்கிற பூ. ஆனால் நம் தோட்டத்துக் குண்டுமல்லி அநேகமாகக் காய்ப்பதே இல்லை. மாலைதோறும் இவ்வளவு மணத்தைச் செலவழித்து அழைக்கிறது, வித்து மட்டும் உண்டாவதில்லை. அப்படியானால் மதுரையைச் சுற்றி உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமெல்லாம் இத்தனை செடி எங்கிருந்து வந்தது? தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்த பதியன்களில் இருந்து. அந்தப் பதியன்களுக்குப் பெயர்போன ஊர், ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். கடற்கரை மணலில் வேர்விட்ட நாற்று கட்டுக்கட்டாகப் பாம்பன் பாலம் கடந்து வந்து செம்மண்ணில் ஊன்றப்படுகிறது. வேறு மாநிலங்களுக்கும் அங்கிருந்து போகிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழின் தடிப்பும் காம்பின் நீளமும் மணமும் இந்த ஊருக்கே உரியவைதான். ஆனாலும் அதன் பிறந்த வீடு ஒரு மீனவர் தீவு என்பது தெரிந்த நாளிலிருந்து கூடையைப் பார்க்கும்போதெல்லாம் கடல் நினைவு வருகிறது.

மாலையில் மலரும் என்கிற ஒரே காரணத்தால் இந்தத் தொழில் முழுக்கக் கடிகாரத்தோடு ஓடுகிறது. இருட்டோடு இருட்டாக, நெற்றியில் டார்ச் விளக்கு கட்டிக்கொண்டு பறிக்க இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அன்று மாலை மலரப்போகிற மொட்டு எது, நாளைக்கான மொட்டு எது என்பதை அந்த வெளிச்சத்தில் விரல் நுனி கண்டுகொள்கிறது. முதிர்ந்த மொட்டு வெளேரென்று பருத்திருக்கும். நாளைய மொட்டில் பச்சை ஓடியிருக்கும். தப்பாகப் பறித்தால் அது மலராமலே வாடும். வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு வந்தாக வேண்டும். மதியத்துக்குள் தெருமுனைக்கு, சாயங்காலத்துக்குள் தலைக்கு. விமானத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பூவைத் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டி வைத்து அடைக்கிறார்கள். குளிரில் மொட்டு மலர்வதைத் தள்ளிப்போடும். ஒரு மாலைப்பொழுதையே கடல்தாண்டி அனுப்புகிறார்கள்.

சீனாவில் இதை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஃபூஜோ நகரத்து மல்லிகைத் தேநீருக்கு வேண்டியதும் இதே இனத்து மொட்டுதான். தெற்காசியாவிலிருந்து பழங்காலத்தில் அங்கே போன செடி. பகலில் பறித்த மொட்டு, பொழுது சாய்ந்து விரியத் தொடங்கும்போது அதைப் பச்சைத் தேயிலையோடு கலந்து இரவு முழுக்கக் குவித்து வைக்கிறார்கள். பூ விடுகிற மணத்தையெல்லாம் இலை வாங்கிக்கொள்கிறது. விடிந்ததும் பூவைச் சலித்து நீக்கிவிட்டுத் தேயிலையை உலர்த்தி, மறுபடி புதுப்பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள். 2022-ல் யுனெஸ்கோ சீனத் தேயிலைப் பக்குவ மரபுகளைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது. கேட்டதிலிருந்து அந்தத் தேயிலையில் ஒரு பொட்டலம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் அத்தர் பாட்டிலுக்குப் போகிற மல்லிகையும் உண்டு. நூறு கிலோ பூவைக் கரைப்பானில் ஊறவைத்து வடித்தாலும் கால் கிலோ மெழுகுகூடத் தேறாது. பறிக்கிறவர்களின் விடியற்காலைகளை நினைத்தால் அந்தச் சின்ன பாட்டிலின் விலை அதிகமென்று சொல்ல மனம் வரவில்லை.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதுதான்: நமக்கு ஒரு வாரம் சந்தோஷமாகப் போகிறதென்றால், யாரோ தங்கள் வேலையை வேளை தவறாமல் செய்திருக்கிறார்கள். மல்லிகையில் இது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பறிப்பவர் ஒரு பொழுது அசந்தால் நம் மாலை மணக்காது.

தொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் பக்கத்தில் தண்ணீர் தெளித்த வாழைநார்ச் சுருள் இருக்கும். இடது கை விரல்களுக்கிடையில் நாரைப் பிடித்து, காம்புக்குக் காம்பு எதிரெதிராக இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து, ஒரு சுற்று, ஒரு வளையம், ஒரு இழுப்பு. அடுத்த நான்கு. காம்பு நெரியாமலும் பூ நழுவாமலும் இருக்கிற அந்த இறுக்கம் விரலுக்கு மட்டுமே தெரிந்த அளவு. அவர் அதைப் பார்ப்பதே இல்லை. போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டே கட்டுகிறார். கேட்டால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை நீட்டி அளந்து, நறுக்கி, மேலே ஒரு கிள்ளு கொசுறு. என் அம்மா அந்தக் கொசுறைத் தனியாகச் சாமி படத்துக்கு வைப்பாள். முழம் எவ்வளவு நீளம் இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம் அந்தக் கிள்ளில்தான் இருந்தது.

மார்கழி, தை மாதத்தில் செடி ஓய்ந்திருக்கும். பனியும் முகூர்த்தமும் சேர்ந்து கிலோ விலை ஆயிரங்களில் நிற்கும். இப்போது பூத்துக் குலுங்குகிற பருவம், விலை நூறுகளுக்கு இறங்கியிருக்கிறது. வாங்குகிற நமக்கு மலிவு. இருட்டில் பறித்தவருக்கும் அக்காவுக்கும் இது வரத்து அதிகமாகி வருமானம் குறைகிற மாதம். அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள் மதியமே போய் மொட்டாக வாங்குங்கள். ஈரத்துணியில் வைத்து, குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளாமல், கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஆறு மணிவரை காத்திருங்கள். வாங்கும்போது விலையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். கொசுறு கேட்கலாம், அது உரிமை.

அடுத்த வாரம் கட்டாயம் காபி.