புகைக்கும் ஒரு பட்ஜெட்: ஓஸ்லோ அன்றும் இன்றும்

பருவநிலை இலக்கை அறிவிப்பது எளிது. இந்த ஆண்டுக்குள் இத்தனை சதவீத உமிழ்வைக் குறைப்போம் என்று மாமன்றத்தில் ஒரு தீர்மானம், வழவழப்பான தாளில் ஓர் அறிக்கை, அவ்வளவுதான். இலக்கு ஆண்டு வரும்போது மேயர் மாறியிருப்பார், அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள், கணக்குக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவிலும் ஒரு காலத்தில் திட்டம் சுற்றுச்சூழல் துறையிடமும் பணப்பெட்டிச் சாவி நிதித் துறையிடமும் இருந்தன. உமிழ்வுப் புள்ளிவிவரம் கைக்கு வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும். தவறு தெரியும்போது அதைத் திருத்தும் காலம் கடந்திருக்கும்.

2016-இல் இது மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில், நகரின் நிதிப் பொறுப்பை வகித்த ராபர்ட் ஸ்டீன் 2017-க்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தபோது, அதற்குள்ளேயே பருவநிலை பட்ஜெட்டும் இருந்தது. பணத்தை எண்ணுவதுபோலக் கரியமில வாயுவையும் எண்ணுவது என்பதே அதன் அடிப்படை. அந்த அட்டவணையைப் புரட்டினால் இலட்சிய முழக்கம் எதுவும் தென்படாது. என்ன நடவடிக்கை, எந்தத் துறை பொறுப்பு, எத்தனை டன் குறையும், எவ்வளவு செலவாகும் என்பவைதான் அதில் இருக்கும். பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றுவதா? போக்குவரத்து நிறுவனமான ரூட்டர் பதில் சொல்ல வேண்டும். ஆண்டு நடுவே நிதிக் கணக்குக் காட்டும்போது டன் கணக்கையும் காட்டியாக வேண்டும்.

கண்காணிக்கும் முறையும் மாறியது. முழுப் புள்ளிவிவரம் இன்றும் தாமதமாகத்தான் வருகிறது. அதற்காகக் காத்திருக்காமல் 'கிளிமா பாரோமீட்டர்' என்ற அளவீட்டை நகரம் வைத்துக்கொண்டது. சுங்கச் சாவடிகளை எத்தனை கார்கள் கடக்கின்றன, அவற்றில் மின்கார்கள் எத்தனை, சைக்கிளில் போவோர் எத்தனை பேர், பேருந்திலும் டிராமிலும் ஏறுவோர் எத்தனை பேர் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தாலே நகரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பிடிபடும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. ஓஸ்லோவைச் சுற்றிய சுங்க வளையம் 1990-இல், சாலைகளும் சுரங்கப் பாதைகளும் கட்டப் பணம் திரட்டுவதற்காக அமைக்கப்பட்டது. கார்களுக்கு வழி அமைக்கப் போட்ட அதே சாவடிகள்தாம் இன்று கார்ப் புகை குறைகிறதா என்று சொல்கின்றன.

தெருவிலும் மாற்றம் தெரிகிறது. 2019-இல் நகரின் நடுவே ஓலாவ் மன்னர் பெயரிலான தெருவை நடைபாதையாக மாற்றும் பணி தொடங்கியது. டீசல் புகையும் உறுமலும் இல்லாமல், மின்சாரத்தில் ஓடும் மண்வாரி இயந்திரங்களே அங்கே வேலை செய்தன. பேட்டரியில் ஓடும் கனரக இயந்திரத்தை ஒப்பந்ததாரர் தாமாக ஏன் வாங்குவார்? டெண்டரில் அதற்குக் கூடுதல் மதிப்பெண் என்று மாநகராட்சி வைத்தது. கட்டுமானத் தளங்களிலிருந்து எத்தனை டன் வருகிறது என்று கணக்கெடுத்திராவிட்டால் அந்த விதியே பிறந்திருக்காது. எண்ணினால்தான் கண்ணில் படும்.

எண்ணியதனால் கசப்பான உண்மையும் தெரிந்தது. 2009-உடன் ஒப்பிட்டால் 2030-க்குள் நேரடி உமிழ்வை 95 சதவீதம் குறைப்பது ஓஸ்லோவின் இலக்கு. கையில் உள்ள நடவடிக்கைகள் அதற்குப் போதாது என்று சொல்வது எதிர்க்கட்சி அல்ல, அந்த நகரத்தின் பருவநிலை பட்ஜெட்டேதான். பெரிய முட்டுக்கட்டை, கிளெமெட்ஸ்ரூட் குப்பை எரி உலை. அங்கே எழும் வாயுவைப் பிடித்துக் கடலடியில் புதைக்கும் திட்டம், செலவு எகிறியதால் 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2025-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இன்னொன்று: இந்த 95 சதவீதக் கணக்கு நகர எல்லைக்குள் எழும் புகையை மட்டுமே பார்க்கிறது. ஓஸ்லோவாசிகள் வாங்கும் பொருளுக்காக வேறெங்கோ எழும் புகை அதில் வராது. அதையும் குறைப்போம் என்று நகரம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு 95 போன்ற ஒரு கறார் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் பிடியும் தளரும் என்பதற்கு இதுவே சான்று.

என்றாலும் இந்த முறையின் வலிமையை நான் 2023 மாநகராட்சித் தேர்தலுக்குப் பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். அதைக் கொண்டுவந்த இடதுசாரிக் கூட்டணி ஆட்சியை இழந்தது. வலதுசாரிகள் வந்தார்கள். பருவநிலை பட்ஜெட் போகவில்லை. பட்ஜெட்டோடு ஒட்டிப் பிறந்ததால், அது ஒரு கட்சியின் கனவாக இல்லாமல் நிர்வாகத்தின் பழக்கமாகிவிட்டது.

ஓஸ்லோவின் வழியை சி40 நகரங்கள் கூட்டமைப்பு பிற நகரங்களுக்கும் கொண்டுசென்றது. 2024-இல் மும்பை மாநகராட்சி தன் முதல் பருவநிலை பட்ஜெட்டை வெளியிட்டது. அதே கூட்டமைப்பில் உள்ள சென்னை, 2050-க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்று 2023-இல் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. 2050-இல் யார் பதில் சொல்வார் என்று இப்போது கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது ஆண்டுதோறும் பட்ஜெட் நாளன்று: இந்த ஆண்டு எத்தனை டன், எந்தத் துறை, எவ்வளவு பணம்? சொத்து வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு.