பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களும் மலையகத்தின் போசாக்கும்

வணிகத்துக்கு விளம்பரம் இன்றியமையாதது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், விற்பவரின் நோக்கத்தைப் பகுத்தறியக்கூடிய பெரியவரிடம் பேசுவது வேறு. அவ்வாற்றல் முதிராத பிள்ளையிடம் பேசுவது வேறு. ஏறத்தாழ எட்டு வயது வரையிலான பிள்ளைகளால் விளம்பரத்தின் உள்நோக்கத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என உளவியலாளர் நீண்டகாலமாகவே எடுத்துரைத்து வந்துள்ளனர்.

இப்பிரச்சினை மலையகத்தில் கூடுதல் கனதி பெறுகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். பெருந்தோட்டத்துறையிலோ 32 சதவீதம். வறுமை, தாயின் போசாக்கின்மை, சுகாதார வசதிக் குறைவு என இதற்குக் காரணங்கள் பல. விளம்பரம் இக்குறையைத் தோற்றுவித்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால், அக்குறையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள அதனால் முடிகின்றது.

நுவரெலியாவிலும் அட்டனிலும் விடிந்ததும் தாய் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்ல, பிள்ளை பாட்டியின் பொறுப்பிலோ பிள்ளை மடுவத்திலோ விடப்படுகின்றது. லயன் அறையின் தொலைக்காட்சி அப்பிள்ளைக்கு உயரத்தையும் பலத்தையும் வெற்றியையும் பொதிகளில் அடைத்துக் காட்டுகின்றது. தோட்டத்துக் கடையில் சிறிய பைக்கற்றுகள் அதே படத்துடன் தொங்குகின்றன. பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கும் தாய், அன்பின் பொருட்டே இணங்குகின்றாள். ஆயினும் முட்டைக்கோ பருப்புக்கோ கீரைக்கோ செல்லவேண்டிய சில்லறை, சீனியும் மாவும் நிறைந்த பண்டத்துக்குச் சென்றுவிடுகின்றது. 1973 முதல் அரசு வழங்கிவரும் திரிபோஷாவுக்கு இத்தகைய கவர்ச்சி கிடையாது.

சட்டம் தலையிட முடியாத விடயமன்று இது. தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை மேம்பாட்டைக் கட்டுப்படுத்த 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற நெறிக்கோவையைப் பின்பற்றி, 1983இலேயே இலங்கை தனக்கென ஒரு நெறிக்கோவையை வகுத்தது. புகையிலை, மதுசார விளம்பரங்கள் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. 2016 ஆகஸ்ட் முதல் மென்பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் உணர்த்தத் தொடங்கின. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு என்பது விதி. ஆனால் நிற அடையாளம் இருப்பது போத்தலில். பிள்ளையின் ஆசையோ கடைக்கு வருமுன்னரே திரையில் உருவாகிவிடுகின்றது. விளம்பரத்தில் பிள்ளை நடிக்காவிட்டாலும் ஒரு கேலிச்சித்திரப் பாத்திரம் அதே வேலையைச் செய்துவிடும். எனவே, விளம்பரத்தில் யார் தோன்றுகின்றார் என்பதிலும் பார்க்க, அது யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களைத் தடைசெய்துள்ளது. பிள்ளைகளை நோக்கிய உணவு விளம்பரங்களின் தாக்கத்தைக் குறைக்குமாறு உலக சுகாதாரப் பேரவை 2010இல் உறுப்பு நாடுகளைக் கோரியது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய எமது நாட்டுக்கும் இதில் கடப்பாடு உண்டு.

சிறுவர் நிகழ்ச்சிகளின் இடையே எதனை ஒளிபரப்புவது என்பதை ஒளிபரப்பாளர்களும், எதனை வாக்களிப்பது என்பதை நிறுவனங்களும் தாமாகவே வரையறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டப் பாடசாலைகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் பெற்றோருக்குப் பொதியின் பின்பக்கத்தை வாசிக்கக் கற்பிக்கலாம். கூலிக்காகக் குரலெழுப்பும் தொழிற்சங்கங்கள், அக்கூலி பிள்ளையின் தட்டில் என்னவாகின்றது என்பதையும் தமது கோரிக்கைகளுள் சேர்த்துக்கொள்வது காலத்தின் தேவையாகும்.