சோப்புக்கு எண்ணெய் காயணுமா?



டிப்ளமோ முடித்து வேலை கிடைக்கும்வரை ஏதாவது சுயதொழில் செய்யலாமே என்று நினைக்கும் பலர் முதலில் கை வைப்பது வீட்டு சோப்பில்தான். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர்: மூன்றே சரக்கு. உப்புக் கரைசலை மின்பகுப்பு செய்து எடுப்பதுதான் காஸ்டிக் சோடா. மின்வேதியியலுக்கென்றே 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட 'சிக்ரி' நம்ம காரைக்குடியில்தான் இருக்கிறது!

ஆனால் எண்ணெயை அடுப்பில் வைத்ததும் ஒரு பழக்கதோஷம் வந்துவிடும். கொத்தமங்கலம் வீடுகளில் சீயம், முறுக்கு சுடும்போது "எண்ணெய் நல்லா காயட்டும்" என்பார்கள். பலகாரத்துக்கு 170, 180 டிகிரி சென்டிகிரேடு வேண்டும், சரி. சோப்புக்கு 40 முதல் 45 டிகிரியே போதும்!

முதலாம் ஆண்டு பிசிக்ஸை நினைத்துப் பாருங்கள். எண்ணெயின் தன்வெப்பம் தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான். கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 2 கிலோஜூல். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். எண்ணெய் நிற்காது.

1 கிலோ எண்ணெயை 30-லிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 30 கிலோஜூல் தேவை. அடுப்பிலிருந்து வினாடிக்கு 1 கிலோஜூல் எண்ணெய்க்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், அரை நிமிடம்! ஐந்து நிமிடம் விட்டால் 180 டிகிரி. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் புகைந்துவிடும். விறகடுப்பென்றால், தீயை இழுத்த பிறகும் தணல் சும்மா இருக்காது.

சரி, சூடு ஏறிவிட்டது. என்ன செய்வது?

புகை வரவில்லையா? பயப்பட வேண்டாம். இறக்கி வைத்து 45 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டு காஸ்டிக் கரைசலை ஊற்றாதீர்கள். காஸ்டிக் தண்ணீரில் கரையும்போதும் வெப்பம் வரும், சோப்பாக மாறும்போதும் வெப்பம் வரும். எண்ணெய்ச் சூடும் சேர்ந்தால் கலவை பொங்கி வழியும். எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டியிருந்தால், கரைசலில் உள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகி, காரமும் கொதி எண்ணெயும் முகத்தில் தெறிக்கும். கண் போனால் வருமா?

புகைந்துவிட்டதா? கண்ணை எரிக்கும் அந்தப் புகையில் இருப்பது அக்ரோலின். எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்திருக்கும். அவை காரத்தோடு சட்டென்று சேர்வதால், அச்சில் ஊற்றுமுன்பே கலவை கட்டி தட்டலாம். சோப்பிலும் காறல் வாடை அடிக்கும். நட்டம் பார்க்காமல் வேறு எண்ணெய் எடுங்கள்.

தீப்பிடித்ததா? அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். தண்ணீர் கூடவே கூடாது! சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

இவ்வளவுக்கும் ஒரே சுலபமான வழி உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அடுப்பே வேண்டாம்! மார்கழிக் காலையில் உறைந்திருந்தால், எண்ணெய்ப் பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்குங்கள். என்ன செய்தாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது.

எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை, ஒரு தெர்மாமீட்டர், இந்த மூன்றும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

தொழில் சிறக்க வாழ்த்துக்கள்!