சிவப்பை எடு, கறுப்பை விடு, நீலத்துக்கு அஞ்சு

தோட்டம் துரவு உள்ள வீடுகளில், எரவாணத்தில் செருகி மறந்த அரிவாள் ஒன்று அநேகமாக இருக்கும். பிடி ஆடும், அலகு முழுக்கத் துரு. “இனி தேறாது” என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது அவசர முடிவு. துரு தின்றது மேல்தோலைத்தான். உள்ளே எஃகும், கொல்லர் அதற்குக் கொடுத்த தோய்ச்சலும் கெடாமல் இருந்தால் வீட்டிலேயே மீட்டுவிடலாம். அதற்கு மூன்று நிறங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்றுமே இரும்பும் ஆக்சிஜனும் கூடி உண்டாக்குபவை.

சிவப்பு

பட்டறை அரிவாள்கள் பலவும் லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். நன்றாகக் கடினமாகும் எஃகு அது. ஆனால் துருவைத் தடுக்க 10 சதவீதத்துக்கு மேல் குரோமியம் வேண்டும். இதில் அவ்வளவு கிடையாது. ஈரம் பட்டதும் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. அது விட்ட எலக்ட்ரான்களைப் பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. விளைவு, சிவப்புத் துரு. கரைந்த இரும்பைவிடத் துரு சில மடங்கு அதிக இடம் கேட்கும். அதனால் இறுகப் பிடிக்காமல் பொருக்காக எழும்பும். பொருக்கின் அடியில் ஈரம் தங்கும், அங்கே குழி விழும். சிவப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

கம்பி பிரஷ்ஷால் பொருக்கை உதிர்த்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியை அலகில் சுற்றி, மேலே பாலித்தீன் தாளைக் கட்டி ஓர் இரவு வைக்கலாம். வளைந்த அரிவாளை முக்கி வைக்கப் பாத்திரம் தேட வேண்டியதில்லை. அசெட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தால், அமிலம் நல்ல இரும்பையும் தொட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது என்று பொருள். எனவே நாள் கணக்கில் விட்டுவிடக் கூடாது. பிறகு ஆப்பசோடா கரைத்த நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். கழுவிய இரும்பைச் சும்மா விட்டால் சற்று நேரத்தில் மறுபடி செம்மை படரும்.

கறுப்பு

சிவப்பு போனதும் அடியில் கரும்படலம் தெரியும். மேக்னடைட் என்ற வேறொரு ஆக்சைடு அது. உலையில் காய்ச்சி அடித்தபோதே படிந்ததாகவும் இருக்கலாம். இரும்போடு இறுகப் பிடித்திருக்கும், உதிராது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு இதையும் தேய்த்து எடுத்தால் இருந்த காப்பும் போய்விடும்.

குழிகளுக்குள் எட்டாத துருவைக் கறுப்பாக மாற்றவும் வழி உண்டு. கடுக்காயை நசுக்கிக் கொதிக்க வைத்த நீரைத் தடவினால், அதிலுள்ள டானின் துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பான சேர்மமாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இந்த வேதியியலால்தான்: கடுக்காய் ஏறிய துணி, வெல்லத்தில் ஊறிய இரும்புச் சாறு.

நீலம்

மீட்பு வேலையில் அரிவாள் சாவது பெரும்பாலும் மின்சாரச் சாணையில். ஏனென்று புரிய, தோய்ச்சல் என்னவென்று தெரிய வேண்டும். செந்தணலாகக் காய்ந்த வாயைக் கொல்லர் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது எஃகு கடினமாகிறது. கூடவே கண்ணாடிபோல் நொறுங்கும் குணமும் வருகிறது. முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் ஏற, அந்த நொறுங்கும் குணம் தணிகிறது. தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் நிறங்கள் ஓடும்: சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 260-ஐ ஒட்டிப் பழுப்பு, பிறகு ஊதா, 300 நெருங்கும்போது நீலம். ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புகிறது. வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தோய்த்து நிறுத்துவார். திருப்பாச்சேத்தி போன்ற பட்டறை ஊர்களின் பெயர் நிலைத்ததில் இந்தக் கண்கணக்குக்கும் பங்கு உண்டு.

சாணைச் சக்கரத்தில் மெல்லிய வாய் சில விநாடிகளில் அதைவிட அதிகம் சூடாகிவிடும். நீலம் பூத்த இடத்தில் தோய்ச்சல் இறங்கியிருக்கும். எத்தனை முறை தீட்டினாலும் மழுங்கும். நீலத்தைத் தேய்த்து அழித்தால் அழிவது நிறம் மட்டும்தான். எனவே கை அரமே நல்லது. அரம் வாயில் அளவாகக் கடித்தால் சரி. வெண்ணெயாய் இறங்கினால் அந்த இடம் இளகிவிட்டது. பக்கத்துக்கு 25 டிகிரி அளவில் வாய் வைத்தால் கிளை வெட்டத் தாங்கும். காய்கறிக் கத்தியைப்போல் மெல்லிதாக்கினால் மடங்கும்.

பிடி

பிடிக்குக் கருவேலம், புளி போன்ற வைரம் பாய்ந்த கட்டைகள் ஏற்றவை. ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாட்டில் மரத்தைப் பொறுத்து 4 முதல் 10 சதவீதம் வரை சுருங்கலாம். இன்று இறுகிய பிடி நாளை ஆடுவது இதனால்தான். ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறப் போடுவது பழைய வழக்கம். மரம் உப்பும், ஆனால் பூணுக்கும் இரும்புக்கும் நடுவே நார்கள் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும். உள்ளே போன ஈரம், பிடிக்குள் செருகியிருக்கும் வாலைத் துருவாக்கும்.

கட்டையின் முனையில் பூணை ஏற்றி, வாலைவிடச் சற்றுச் சிறிய துளை போட வேண்டும். அலகில் ஈரச் சாக்கைச் சுற்றி, வாலை மட்டும் மங்கலாகச் சிவக்கக் காய்ச்சித் துளையில் இறக்கினால், அது தன் வடிவத்துக்கே மரத்தைச் சுட்டு இடம் செய்துகொள்ளும். கடைசி விரற்கடை அளவைச் சுடாமல் விட்டு, ஆறிய பின் தட்டி இறக்கலாம். அரிவாள் கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு பிடியின் அடியை மரச்சுத்தியலால் தட்டுங்கள். கனமான அலகு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பிடி அதன்மேல் ஏறும். அலகை எதிலும் முட்ட வேண்டியதில்லை.

பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஆக்சிஜனை உறிஞ்சி இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகாது, அது அலகுக்குப் போதும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

அலகில் விரிசல் ஓடியிருந்தால் அந்த அரிவாள் இரும்புக்கடைக்குத்தான். வால் பாதிக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தாலோ, வாய் நெடுக அரத்துக்கு இளகினாலோ கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வாய் முன்பே நீலம் பூத்திருந்தால் கொல்லரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தீட்டித் தரும் வேலையா, திரும்பத் தோய்க்கும் வேலையா என்று அவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.