மொட்டைப் பனையும் மைனாச் சோடிகளும்

2010ஆம் ஆண்டு நாங்கள் மீளக்குடியேறியபோது எங்கள் வளவில் நிமிர்ந்து நின்றது ஒரு மொட்டைப் பனை மட்டும்தான். ஷெல் பட்டு வட்டுப் போன பனை. அதன் பொந்தில் கிளிகள் குடியிருந்தன. நாங்களோ கூடாரத்தில். "எங்களுக்கு முதல் கிளிக்கு வீடு கிடைச்சிட்டுது" என்று மாமி சிரித்தார்.

பிறகு எங்களுக்கும் கல்வீடு கிடைத்தது. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் சில இடங்களில் கை போகக்கூடிய இடைவெளி. அதற்குள் ஒரு மைனாச் சோடி வந்து வைக்கோல், கடதாசி, ஷொப்பிங் பை, கோழி இறகு என்று திணித்துக் கூடு கட்டியது. நீல முட்டை இட்டுக் குஞ்சு பொரித்தது. பிள்ளைகளுக்குச் சந்தோசம்.

சில வருடங்களில் ஒரு சோடி நாலு சோடியானது. ஒரு மாசி மாதக் காலை பனையடியில் பெரிய சத்தம். மைனாக்கள் பொந்து வாசலில் நின்று கொத்த, கிளிகள் கத்திக்கொண்டு சுற்றிப் பறந்தன. பின்னேரம் பார்த்தால், இரண்டு வெள்ளை முட்டைகள் கீழே உடைந்து கிடந்தன. மகள் அழுதாள். கூட்டை விட்டு ஓடுவது என்னவென்று தெரிந்த எனக்கும் மனம் தாங்கவில்லை.

மைனாவில் பிழையில்லை. அதுவும் பொந்து தேடும் பறவைதான். கட்டடம் கிடைத்தால் அங்கே பெருகும். பெருகினால் மரப்பொந்துக்கும் வரும். கிளி, ஆந்தை, குண்டுக்கரிச்சான் எல்லாம் தேடுவதும் அதே பொந்தைத்தான். எங்கள் மைனாவை 1860களில் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வீட்டுக் கூரைகளில் பெருகி, மரப்பொந்துகளில் உள்ளூர்க் கிளிகளுக்குப் போட்டியாக நிற்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான, உலகில் மிகவும் தீங்கு செய்யும் 100 வந்தேறு உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரும் உண்டு. இங்கே அது சொந்த மண்ணின் பறவை. ஆனாலும் பொந்துள்ள மரங்கள் குறையக் குறையச் சண்டை கூடும்.

அந்த நேரம் பக்கத்து வளவுத் தம்பி வந்து, "அக்கா, உந்தப் பட்ட பனையைத் தறிச்சுத் தரட்டே? விறகுக்காவது உதவும்" என்றான். அடுப்புக்கு விறகு தேவைதான். ஆனாலும் "வேண்டாம் தம்பி, நிக்கட்டும்" என்றேன்.

மைனாக் குஞ்சுகள் பறந்த பிறகு, மூன்று இடைவெளிகளைக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்தேன். பழைய சோடிக்கு ஒன்றை விட்டேன். முற்றத்தில் சோறு கொட்டுவதையும் நிறுத்தினேன். அடுத்த மாசியில் மைனாக்கள் குறைந்திருந்தன. பனைப் பொந்தில் சிவந்த சொண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

சகோதரிகளே, கூரை இடைவெளியை அடைக்க நினைத்தால், உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஆறு கிழமை பொறுங்கள். வீட்டுக்கும் ஆட்களுக்கும் ஆபத்தில்லாமல் நிற்கும் பட்ட பனையைத் தறிக்காதீர்கள். எங்களுக்கு அது மொட்டைப் பனை. கிளிக்கு அதுதான் வீடு.