மூன்று நாள் அரவை

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் இப்போது ஒரு புதுச் சுற்றுலா நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கல் பாவிய தெருக்களில் இரண்டு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போவார். கோட்டை வாசலில் நிறுத்தி மன்னர் கதை சொல்வார். அடுத்த முடுக்கில் திரும்பி ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைவார். தட்டில் சாக்லேட் துண்டுகள் வரும். வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கோபுரத்துக்கு நடக்க வேண்டியதுதான். பிரசல்ஸ், ஜூரிக், ஜெனீவா, டூரின் என்று பல ஊர்களில் இது உண்டு. ஆனால் ஊரின் வரலாறு தனியாகவும் சாக்லேட் தனியாகவும் கிடக்காமல், இரண்டும் ஒரே கதையாகச் சேரும் இடம் சுவிட்சர்லாந்தின் தலைநகரான பெர்ன். இன்று உலகம் முழுக்கத் தின்னும் வழுவழுப்பான சாக்லேட் அந்தப் பழைய நகரத்தின் ஆற்றங்கரையில்தான் முதலில் உருவானது. அதை உருவாக்கியது ஒரு சமையல் குறிப்பு அல்ல, ஓர் இயந்திரம்.

நடை மேல் தெருக்களில் தொடங்கும். ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவில் நீண்டு கிடக்கும் மேட்டில் 1191-இல் எழுந்த ஊர் இது. 1405-இல் பெரிய தீ பிடித்து மரவீடுகள் சாம்பலானபின் பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல்லில் திரும்பக் கட்டினார்கள். அந்த அமைப்பு இன்றுவரை பெரிதாகக் குலையவில்லை என்பதால் 1983-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெருவின் இருபுறமும் வீடுகளுக்கு அடியிலேயே வளைவுத் தூண்களோடு நடைபாதை ஓடுகிறது. மொத்தம் 6 கிலோமீட்டர் அளவுக்கு நனையாமல், வெயில் படாமல் நடக்கலாம். கையில் சாக்லேட்டோடு நடப்பவருக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

சீட்குளொகே என்ற மணிக்கூண்டின் கீழ் எல்லா வழிகாட்டிகளும் நிற்பார்கள். 1530-இல் காஸ்பர் புருன்னர் என்ற கொல்லர் செய்த பொறி மணிக்குச் சில நிமிடம் முன்பே சேவலைக் கூவவைத்து, கரடிப் பொம்மைகளைச் சுற்றவிட்டு, பிறகு மணி அடிக்கும். அங்கிருந்து கிராம்காஸே தெருவில் நடந்தால் 49-ஆம் எண் வீடு; 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டைன் குடியிருந்த மாடி. அவர் இதே ஊரில் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவைவிடச் சற்று மேலான வேலையில் இருந்தார். இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாக்லேட் கதைக்கு நாம் கீழே இறங்க வேண்டும்.

பேராலயத்தை ஒட்டிய மேடையின் ஓரத்தில் ஒரு மின்தூக்கி இருக்கிறது. 1897 முதல் ஓடுகிறது. அதில் இறங்கினால் மட்டே என்ற பகுதி. மேலே பிரபுக்கள் குடியிருந்தார்கள் என்றால் கீழே தோல் பதனிடுபவர்கள், படகோட்டிகள், மாவரைப்பவர்கள். ஆரே ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்காலின் நீர் ஆலைச் சக்கரங்களைச் சுற்றியது. ஆறு பொங்கினால் முதலில் மூழ்குவதும் இதுதான். 1999, 2005 இரண்டு வெள்ளத்திலும் இந்தப் பகுதி பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கேதான் 1879-இல், 24 வயது ரோடோல்ஃப் லின்ட், தீப்பட்டுக் கிடந்த பழைய ஆலைக் கட்டடத்தையும் காலாவதியான சில இயந்திரங்களையும் வாங்கிச் சாக்லேட் செய்ய உட்கார்ந்தார்.

அன்றைய சாக்லேட் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது விளங்கும். கோகோ கொட்டையை வறுத்து, அரைத்து, சர்க்கரை சேர்த்து வந்த கலவை மண்போல நறநறத்தது. உருகி ஓடாது, அச்சுக்குள் கையால் அழுத்தித் திணிக்க வேண்டும். இரண்டு நாளில் மேலே சாம்பல் பூத்துவிடும். கடித்தால் புளிப்பும் கசப்பும் முன்னால் வரும். கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தி நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தால் 1828-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி 1847-இல் தின்னும் சாக்லேட் கட்டியையும் செய்துவிட்டது. வெவே ஊரில் டேனியல் பீட்டர் 1875-இல் பாலையும் சேர்த்துவிட்டார். எல்லாம் இருந்தும் நறநறப்பு போகவில்லை.

லின்ட் பயன்படுத்திய இயந்திரம் பார்க்க எளிமையானது. கருங்கல் பதித்த நீளத் தொட்டி. இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். சிப்பியை ஒத்த அந்த வடிவத்தால் அதற்குக் கான்ச் என்று பெயர். தொட்டிக்குள் ஒரு கருங்கல் உருளை. அதைப் பிடித்த கை ஒன்று முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். உருளை முனையை எட்டும்போது சூடான சாக்லேட் கூழ் வளைவில் ஏறி, அலைபோலத் திரும்பி, உருளையின் முதுகில் பொத்தென்று விழும். மறுமுனையிலும் அதேதான். இப்படி ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அந்த விழுதல்தான் முக்கியம். ஒவ்வொரு முறையும் கூழின் புதிய பரப்பு காற்றில் படுகிறது.

காற்றில் பட்டால் என்ன? கோகோ கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்ததும் ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். சதையிலுள்ள சர்க்கரை முதலில் சாராயமாகி, பிறகு காடியாகும். அந்த அசிட்டிக் அமிலம் கொட்டைக்குள் ஊறிவிடும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. கான்ச் தொட்டியில் 50 முதல் 80 டிகிரி சூட்டில் புரளும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. கான்ச் ஓடும் அறைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுவது சாக்லேட் மணமல்ல, காடி வாடை. கூடவே ஈரமும் போகிறது. சாக்லேட்டுக்குத் தண்ணீர் ஜென்மப் பகை. வீட்டில் உருக்கும்போது ஒரு சொட்டு நீர் விழுந்து மொத்தமும் கட்டிதட்டிப் போன அனுபவம் பலருக்கு இருக்கும். சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் வினை அது. ஈரம் போனபின் உருளை துகள் கட்டிகளைப் பிரித்துப் பிரித்துத் தேய்க்க, ஒவ்வொரு சர்க்கரைத் துகளின் மேலும் கோகோ வெண்ணெய் மெல்லிய படலமாகப் படிகிறது. எண்ணெய் பூசிய துகள்கள் ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு நகரும். உலர்ந்த மாவாக உள்ளே போனது, குழம்பாக வெளியே ஓடி வருகிறது. லின்ட் கூடுதலாகக் கோகோ வெண்ணெயும் சேர்த்தார். அச்சில் திணிக்க வேண்டிய சாக்லேட்டை முதல் முறையாக ஊற்ற முடிந்தது.

லின்ட் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்குக் கம்பெனியே பரப்பும் கதை ஒன்று உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இயந்திரத்தை நிறுத்த மறந்து போய்விட்டாராம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பளபளவென்று குழம்பு. வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. லின்ட் மருந்துக்கடைக்காரர் மகன். லோசானில் கோலர் சாக்லேட் ஆலையில் தொழில் பழகிவிட்டு வந்தவர். அரைக்க அரைக்கச் சரக்கின் குணம் மாறும் என்பது மருந்து செய்யும் வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சித்த மருத்துவர் பஸ்பத்துக்கான சரக்கைக் கல்வத்தில் இட்டு இத்தனை சாமம் அரை என்று கணக்குச் சொல்வதில்லையா, அதே புத்திதான். மூன்று நாள் அரவை என்றால் 24 சாமம்.

அடுத்த இருபது ஆண்டுகள் இயந்திரத்தின் சூட்சுமத்தை லின்ட் வெளியே விடவில்லை. சரக்கும் கொஞ்சமாகத்தான் செய்தார். வியாபாரத்தில் அவருக்குப் பெரிய சுறுசுறுப்பு இருந்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல், 1899-இல் ஜூரிக்கின் ஷ்ப்ருங்லி கம்பெனிக்கு 15 லட்சம் தங்க ஃபிராங்குக்கு ஆலையையும் ரகசியத்தையும் சேர்த்து விற்றார். இன்று விமான நிலையக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் லின்ட் அண்ட் ஷ்ப்ருங்லி என்ற இரட்டைப் பெயர் அப்போது வந்தது.

லின்ட்டின் சாக்லேட்டைக் கடையில் வைத்து விற்றுவந்த பெர்ன் மிட்டாய்க்காரர் ஒருவர் இருந்தார், ஜீன் டோப்ளர். சரக்கு போதவில்லை என்று அவரே 1899-இல் ஆலை போட்டார். அவர் மகன் தியோடோர், உறவினர் எமில் பாவ்மனோடு சேர்ந்து 1908-இல் கொண்டுவந்ததுதான் தேனும் பாதாமும் கலந்த முக்கோண டோப்ளரோன். அதன் காப்புரிமை விண்ணப்பம் 1909-இல் பெர்னில்தான் கொடுக்கப்பட்டது. ஐன்ஸ்டைன் கையெழுத்துப் போட்டார் என்று கூசாமல் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. அந்த ஆண்டு அவர் வேலையை விட்டுப் போனார் என்பதுதான் கையில் இருக்கும் செய்தி. மீதியைப் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம். பழைய டோப்ளர் ஆலை இப்போது பெர்ன் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக் கட்டடம். டோப்ளரோன் உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போவதால், சுவிஸ் சின்னங்களைப் பற்றிய அந்நாட்டுச் சட்டப்படி 2023-இல் உறையிலிருந்து மேட்டர்ஹார்ன் மலைப் படத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

இனி ருசி பார்க்கும் வேலை. கடைக்காரர் சொல்லும் விதிகள் சடங்குபோலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முதலில் உடைக்கச் சொல்வார்கள். சட்டென்று சத்தம் வந்து, உடைந்த விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகை மட்டும்தான் பளபளப்பும் இறுக்கமும் தரும். சுமார் 34 டிகிரியில் உருகும். அந்த வகை வரவேண்டுமென்றால் உருக்கிய சாக்லேட்டை 27 டிகிரி வாக்கில் ஆறவிட்டு, மறுபடி 31 டிகிரிக்கு ஏற்றி, பிறகு அச்சில் ஊற்ற வேண்டும். சத்தம் வந்தால் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மே மாதச் சென்னையில் மேசை மேல் வைத்த சாக்லேட் உருகி, குளிர்பெட்டியில் மறுபடி உறைந்து, வெள்ளை பூத்து வருவதும் இதே கணக்குதான். அது பூஞ்சணம் அல்ல; வேறு வகையில் உறைந்த கொழுப்பு. தின்னலாம், ருசிதான் இருக்காது.

அடுத்து, மெல்லாதே என்பார்கள். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து உருகவிட வேண்டும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நாக்கு மணலாக உணரும்; 20-க்குக் கீழே போனால் தெரியாது. மென்று விழுங்கினால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகும். உருகும்போது மூக்கு வழியாக மூச்சை விட்டால் வாசனை மேலேறும். முதலில் புளிப்பு வந்து குத்தினால் கான்ச்சில் போதிய நேரம் ஓடவில்லை. மணமே இல்லாமல் சப்பென்று இருந்தால் அதிக நேரம் ஓடிவிட்டது. காடியோடு நல்ல மணமும் ஆவியாகிப் போயிருக்கும். அதனால் மூன்று நாள் என்பது புனிதக் கணக்கு ஒன்றுமில்லை. இன்றைய சுழல் கான்ச்கள் பல அரை நாளுக்குள் வேலையை முடிக்கின்றன. கொட்டையின் ஊர்வாசனை போகக்கூடாது என்று நேரத்தை வேண்டுமென்றே குறைக்கும் சிறு உற்பத்தியாளர்களும் உண்டு. எனக்கு அந்த வகைதான் பிடிக்கிறது. வழுவழுப்பு மட்டும் வேண்டுமென்றால் வெண்ணெயையே தின்னலாமே. உறையில் 70 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது கொட்டையும் கூடுதலாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. ஒரே எண் போட்ட இரண்டு கட்டிகள் இரண்டு விதமாக ருசிக்கும்.

அந்தச் சிறு உற்பத்தியாளர்களின் பட்டறைகளில் நமக்குத் தெரிந்த ஒரு பொருள் இருக்கிறது. கருங்கல் அடிப்பாகம், அதன்மேல் சுற்றும் கருங்கல் உருளைகள், எஃகுப் பாத்திரம்: இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர். ஆலை அளவு இயந்திரம் வாங்க முடியாத அமெரிக்கச் சாக்லேட் ஆர்வலர்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த மேசை கிரைண்டரில் கோகோவைப் போட்டு இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அரவையும் கான்ச் வேலையும் ஒரே பாத்திரத்தில் நடந்தது. பிறகு அந்தச் சூட்டையும் நீண்ட ஓட்டத்தையும் தாங்கும்படி மோட்டாரையும் பாகங்களையும் மாற்றி, சாக்லேட்டுக்கென்றே மெலான்ஜர் என்ற பெயரில் நம் ஊர்க் கம்பெனிகள் ஏற்றுமதி செய்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் அக்காள் தங்கை என்று அதைச் சொல்லலாம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பொள்ளாச்சி ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோவும் காய்க்கிறது.

பெர்னுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: மட்டேக்கு இறங்காத நடைக்குப் பணம் கட்டாதீர்கள். மேல் தெருவில் கிடைக்கும் சாக்லேட் ஜூரிக்கிலும் கிடைக்கும். போகாதவர்கள் இங்கேயே ஒன்று செய்யலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீட்டுத் தயாரிப்பு என்று எடைபோட்டு விற்கும் சாக்லேட்டை வாங்குமுன் பொருள் பட்டியலைக் கேளுங்கள். அவற்றில் பல, கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பில் செய்தவை. நாக்கில் மெழுகாக ஒட்டுவது அதனால்தான். கோகோ வெண்ணெய் இருந்தால் வாங்குங்கள். தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது இனிப்பு மிட்டாய். அதற்குச் சாக்லேட் விலை கொடுக்க வேண்டியதில்லை.