அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் வேற்றுலகச் சந்திப்பு

விண்வெளியைக் களமாகக் கொண்ட அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் பலவற்றின் மையத்தில், மனிதர் இதுவரை அறியாத ஒன்றைச் சந்திக்கும் காட்சி இடம்பெறுகிறது. அது வேற்றுக்கிரகவாசியாகவோ, சிந்திக்கும் கோளாகவோ, விளங்காத ஒரு பொருளாகவோ இருக்கலாம். யாரும் பார்த்திராத ஒன்றைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதே இவ்வகைப் படங்களின் அடிப்படைச் சிக்கலாகும். இதற்கு இயக்குநர்கள் பொதுவாக இரண்டு வழிகளைக் கையாண்டுள்ளனர். ஒன்று, அறியாததற்கு உருவம் கொடுப்பது. மற்றொன்று, உருவம் காட்டாமல் உணர்த்துவது.

உருவம் கொடுத்தல்

1963 ஏப்ரலில் வெளிவந்த 'கலை அரசி', வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முன்னோடி இந்தியப் படமாகும். ஏ. காசிலிங்கம் இயக்கிய இதில் எம். ஜி. ராமச்சந்திரன், பி. பானுமதி, எம். என். நம்பியார் ஆகியோர் நடித்தனர். அறிவியலில் முன்னேறிய ஒரு கோளில் கலை வளரவில்லை. அதைக் கற்றுத்தர, பூமியிலிருந்து ஒரு பாடகியை அக்கோளினர் கடத்திச் செல்கின்றனர். அவளை மீட்கக் காதலனும் விண்வெளிக்குச் செல்கிறான். தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது 1963 நவம்பர் 21 அன்றுதான். படம் அதற்கு ஏழு மாதங்கள் முந்தியது.

இப்படத்தின் வேற்றுலகத்தார் மனித உருவில் இருக்கின்றனர், தமிழ் பேசுகின்றனர். இயந்திரம் வளர்ந்து கலை இல்லாமற்போனால் வாழ்வு என்னவாகும் என்னும் கேள்வியை எழுப்பவே வேற்றுலகம் இங்குப் பயன்படுகிறது.

உருவம் கொடுக்கும் ஹாலிவுட் படங்களில் அச்சம், நட்பு என்னும் இரு போக்குகளைக் காணலாம். ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) கொல்லும் உயிரியைக் காட்டியது. அதிலும் அவ்வுயிரி பெரும்பாலும் இருளில், பகுதி பகுதியாகவே தெரியும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' (1982) ஒரு சிறுவனின் தோழனைக் காட்டியது.

உருவம் காட்டாமை

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் வேற்றுக்கிரகவாசி ஒருவர்கூடத் தோன்றுவதில்லை. ஒரு கரிய கற்பலகை மட்டுமே அவர்களின் அடையாளம். வேற்றுலகத்தாரை நேரடியாகக் காட்டுவதைவிடக் குறிப்பால் உணர்த்துவதே நல்லது என்று வானியலாளர் கார்ல் சேகன் குப்ரிக்கிற்கு ஆலோசனை கூறியிருந்தார். சேகனின் புதினத்தைத் தழுவிய 'காண்டாக்ட்' (1997) படத்தில், வேற்றுலக உயிர் நாயகியின் இறந்துபோன தந்தையின் தோற்றத்தில் வந்து பேசுகிறது. ஆந்திரேய் தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) படத்தில், கடல் சூழ்ந்த கோள் ஒன்று நாயகனின் இறந்த மனைவியை அவன் முன் நிறுத்துகிறது. இவ்விரு படங்களிலும் அறியாதது, அறிந்த முகத்துடனேயே வருகிறது.

சிதம்பரத்துடன் ஓர் ஒப்பீடு

காண முடியாததைக் காட்டும் சிக்கல் திரைப்படத்திற்கு முன்பே கலைகளில் இருந்தது. கடலூர் மாவட்டத்தில் உள்ள சிதம்பரம் நடராசர் கோயில், ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்திற்கு உரியது. ஊர்ப்பெயரையே 'சித்' (அறிவு), 'அம்பரம்' (வெளி) எனப் பிரித்துப் பொருள் கூறுவர். அங்கு இரண்டு வழிகளும் அருகருகே உள்ளன. சிற்றம்பலத்தில் ஆடும் நடராசர் உருவம் கொண்டவர். அருகே திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வ இலை மாலைகள் தொங்கும் வெற்றிடம். இதுவே 'சிதம்பர ரகசியம்'. இது சமய மரபே தவிர அறிவியல் அன்று. எனினும், காட்டாமல் உணர்த்தும் முறையை விளங்கிக்கொள்ள இது உதவும். சேகனும் தம் 'காஸ்மோஸ்' (1980) தொலைக்காட்சித் தொடரின் பத்தாம் பகுதியில், அண்டத்தின் தோற்றம், ஒடுக்கம் பற்றிப் பேசுகையில் சோழர் கால நடராசர் செப்புத்திருமேனியை எடுத்துக்காட்டினார்.

மொழி என்னும் தடை

டெனி வில்நெவின் 'அரைவல்' (2016) படத்தில் வேற்றுலகத்தார் உருவத்துடன் வருகின்றனர். ஆனால் அவர்களின் மொழி புரிவதில்லை. வட்ட வடிவ எழுத்துகளை மொழியியலாளர் ஒருவர் படிப்படியாகக் கற்கிறார். ஒரு சொல்லைப் போர்க்கருவி என்று புரிந்துகொள்வதா, வேறு பொருளில் கொள்வதா என்பதில் நாடுகள் போரின் விளிம்புக்கே செல்கின்றன. உருவத்தைக் காட்டிய பின்னும் அறியாமை நீங்குவதில்லை என்பதை இப்படம் வலியுறுத்துகிறது.

அண்மைக்காலத் தமிழ்ப் படங்கள்

சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்' (2018) படத்தில் பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தகர்க்க ஒரு குழு விண்வெளிக்குச் செல்கிறது. ஆயினும் அவர்கள் எதிர்கொள்ளும் பகைவர்கள் மனிதர்களே. ஆர். ரவிக்குமாரின் 'அயலான்' (2024) படத்தில் பூமிக்கு வரும் வேற்றுக்கிரகவாசி, சிவகார்த்திகேயன் ஏற்ற நாயகனுக்கு நண்பனாகிறது. பூமிக்குத் தீங்கு செய்வது மனிதப் பேராசையே.

'கலை அரசி' முதல் 'அயலான்' வரை இம்மூன்று தமிழ்ப் படங்களும் விண்வெளியின் புதிரைவிட மனிதரின் குணத்தையே ஆராய்கின்றன. விளங்காததை விளங்காததாகவே விட்டுவைப்பது '2001', 'சோலாரிஸ்' போன்ற படங்களின் வழி. முதல் வகையில் பார்வையாளர் தம்மைப் பற்றித் தெரிந்துகொள்கின்றனர். இரண்டாம் வகையில் தம் அறிவின் எல்லையைத் தெரிந்துகொள்கின்றனர்.